ஹவாய் ஆட்டின் வயிற்றில் இருந்த மருந்து! சவுண்டல் தழையின் விஷத்தைத் துரத்திய விஞ்ஞானிகள்

கத்தரி வைக்கவில்லை, மெஷின் ஓட்டவில்லை. செம்மறியாட்டின் முதுகில் கை வைத்து லேசாக இழுத்தால், கம்பளி மொத்தமாகக் கையோடு வந்துவிடுகிறது. அடியில் ரோஜா நிறத்தில் மொழுமொழுவென்று தோல்!

1960-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ-வில் நடந்த ஒரு தீவனப் பரிசோதனையில் கண்ட காட்சி இது. அந்த ஆடுகளுக்கு ஊசியோ மருந்தோ எதுவும் கொடுக்கப்படவில்லை. ஒரு மரத்தின் தழையை மட்டும் வயிறு நிறையத் தின்னக் கொடுத்திருந்தார்கள். ஒன்று, இரண்டு வாரங்களில் கம்பளி கழன்றுவிட்டது.

அந்த மரம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. சாலையோரத்திலும், ரயில் பாதையை ஒட்டியும், தோட்டத்து வேலியிலும் நிற்கும். புளிய இலை போலச் சின்னச் சின்ன இலைகள், வெள்ளைப் பஞ்சு உருண்டை போலப் பூ, கொத்துக் கொத்தாகத் தொங்கும் தட்டையான பழுப்பு நிறக் காய்கள். சவுண்டல் என்பார்கள். சூபாபுல், கூபாபுல் என்றும் பெயர் உண்டு. ஆடு வளர்ப்பவர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளிலும் டூவீலரிலும் கட்டிக்கொண்டு வரும் தழைகளில் இதுவும் ஒன்று.

ஆடு இதை அவ்வளவு ஆசையாகத் தின்னும். அதில்தான் சிக்கலும் இருக்கிறது.

மெக்சிகோவிலிருந்து வந்த விருந்தாளி

சவுண்டலுக்குச் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். மெக்சிகோவில் இதன் இளங்காயையும் விதையையும் மனிதர்களே சாப்பிடுகிறார்கள். அந்த நாட்டின் ஒஹாக்கா மாநிலத்துக்குப் பெயர் வந்ததே இந்த மரவகையால்தான். ஸ்பெயின்காரர்களின் கப்பல்களில் ஏறி பிலிப்பைன்ஸ் போனது. அங்கிருந்து வெப்ப நாடுகள் முழுக்கப் பரவியது. பிலிப்பைன்ஸில் இப்பில்-இப்பில், இந்தோனேசியாவில் லம்தோரோ, ஹவாயில் கோவா ஹவோலே. போன இடமெல்லாம் உள்ளூர்ப் பெயர் வாங்கிக்கொண்ட மரம்.

1970-களில் இதற்குக் கிடைத்த மரியாதையே தனி. 'அதிசய மரம்' என்று உலகமே கொண்டாடியது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி 1977-ல் இதற்கென்று தனி அறிக்கையே வெளியிட்டது. இந்தியாவில் மணிபாய் தேசாய் தொடங்கிய பைஃப் நிறுவனம், புனே அருகே உருளிகாஞ்சனில் இருந்துகொண்டு இந்த மரத்தை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கொண்டாட்டத்துக்குக் காரணம் இருந்தது. வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். நன்றாக வளர்ந்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் 8 முதல் 10 சதவீதம் இருக்கலாம். சவுண்டல் இலையைக் காயவைத்து அளந்தால் 20 சதவீதத்துக்கும் மேல்! கறவை மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கிக் கட்டுப்படியாகாத வீட்டில், வேலியிலேயே பிண்ணாக்கு காய்த்துத் தொங்குவது போலத்தான் இது. வேர் ஆழமாகப் போவதால் கோடையிலும் பச்சை காயாது. வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

(இதே குணத்தால்தான் உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலிலும் இது இடம்பிடித்தது. அது வேறு கதை. கவனிக்காமல் விட்டால் காடாகிவிடும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கலாம்.)

முடி ஏன் கொட்டுகிறது?

சவுண்டல் தின்ற குதிரைக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்வதை கரீபியன் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்கள். காரணம், இலையிலும் விதையிலும் இருக்கும் மைமோசின் என்ற அமினோ அமிலம். அமினோ அமிலம் என்றாலும் இது புரதம் கட்ட உதவாது. மரம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஆயுதம் அது. முதிர்ந்த இலையைவிட இளந்தளிரில் அதிகம். ஆடு முதலில் தேடிக் கடிப்பதும் அந்தத் தளிரைத்தான்!

முடி வளர, வேர்க்காலில் இருக்கும் செல்கள் இடைவிடாமல் பிரிந்து பெருக வேண்டும். மைமோசின் ரத்தத்தில் கலந்தால் அந்தப் பிரிவதை நிறுத்திவிடுகிறது. அந்த இடத்தில் முடி பலவீனமாகி அறுந்துபோகிறது. தழையை நிறுத்தினால் திரும்ப முளைத்துவிடும்.

ஆஸ்திரேலியாவுக்கு இது ஒரு யோசனையையும் கொடுத்தது. கோடிக்கணக்கான செம்மறிகளுக்கு ஆண்டுதோறும் கம்பளி கத்தரிக்க வேண்டிய நாடு அது. ஆளும் செலவும் பெரிய தலைவலி. மைமோசினையே ஆட்டின் ரத்தத்தில் செலுத்தி, கத்தரி இல்லாமல் கம்பளியை உரிக்க முடியுமா என்று 1970-களில் முயன்று பார்த்தார்கள். கம்பளி உரிந்தது, ஆனால் அது பண்ணைக்குப் போகும் முறையாக வளரவில்லை. பிற்காலத்தில் கத்தரி இல்லாக் கம்பளி எடுப்புக்கு வேறொரு புரதத்தை ஊசியில் போடும் முறைதான் சந்தைக்கு வந்தது.

அந்த 1960-களின் பரிசோதனையில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால்தான் கம்பளி உதிர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் உதிரவில்லை. அசைபோடும் விலங்குகளின் முதல் வயிற்றுக்குள் கோடானுகோடி நுண்ணுயிரிகள் இருக்கின்றன. நார்ச்சத்தை உடைத்துக் கொடுப்பது அவைதான். பழக அவகாசம் கிடைத்தால், அவை மைமோசினையும் உடைத்துவிடுகின்றன.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? இல்லை. அங்கேதான் இரண்டாவது வில்லன் வருகிறான்.

கழுத்தில் வீக்கம், மெலிந்த கன்று

மைமோசின் உடையும்போது டி.ஹெச்.பி என்ற இன்னொரு பொருள் உருவாகிறது. இது முடியை உதிர்க்காது. தைராய்டு சுரப்பியைப் பிடித்துக்கொள்ளும். இதை ஹெகார்ட்டி என்ற சி.எஸ்.ஐ.ஆர்.ஓ விஞ்ஞானியும் அவரது குழுவினரும் 1976-ல் வெளியிட்டார்கள்.

தைராய்டு தன் ஹார்மோனைத் தயாரிக்க அயோடினைப் பிணைக்க வேண்டும். டி.ஹெச்.பி அந்த வேலையைத் தடுக்கிறது. ஹார்மோன் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்டச் சுரப்பி வீங்குகிறது. கழுத்துக் கழலை என்றவுடன் 'அயோடின் உப்பு கொடுத்தால் சரியாகிவிடுமே' என்று தோன்றும். இங்கே அது பெரிதாகப் பலன் தராது. அயோடின் போதாததால் வந்த வீக்கம் அல்ல இது. இருக்கும் அயோடினைப் பயன்படுத்த முடியாததால் வந்தது.

வட ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதை நேரில் பார்த்தார்கள். சவுண்டலை மட்டும் நம்பி மேய்ந்த மாடுகள் முதலில் நன்றாகத் தேறின. சில மாதங்களில் தீனி எடுப்பது குறைந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. எடை ஏறவில்லை. சினை மாடுகளுக்குப் பிறந்த கன்றுகள் மெலிந்து, கழுத்து வீங்கிப் பிறந்தன. இவ்வளவு புரதம் உள்ள தீவனத்தைத் தின்றுவிட்டு மாடு இளைத்தால் பண்ணைக்காரருக்கு எப்படி இருக்கும்? மரம் நட்ட செலவும் போச்சு, மாடும் போச்சு.

'மொத்தத் தீனியில் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்' என்ற அறிவுரை வந்ததன் பின்னணி இதுதான். தமிழ்நாட்டில் கால்நடை வளர்ப்பவர்களுக்குச் சொல்லப்படும் அளவும் அதேதான்.

ஹவாயில் மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

ரேமண்ட் ஜோன்ஸ் என்பவர் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ-வின் டவுன்ஸ்வில் ஆய்வகத்தில் வேலை பார்த்த மேய்ச்சல் பயிர் விஞ்ஞானி. அவரை ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஹவாயில் ஆடுகள் ஏறக்குறைய இந்தத் தழையை மட்டுமே தின்று வாழ்கின்றன. இந்தோனேசியாவிலும் அப்படியே. அங்கே எந்த ஆட்டுக்கும் கழுத்து வீங்கவில்லை. அதே மரம், அதே மைமோசின். ஆஸ்திரேலிய மாட்டுக்கு மட்டும் ஏன் ஆகாமல் போகிறது?

மண் வேறாக இருக்கலாம், மரத்தின் ரகம் வேறாக இருக்கலாம், ஆட்டு இனம் வேறாக இருக்கலாம் என்று பல சந்தேகங்கள். ஜோன்ஸ் ஆட்டின் வயிற்றைச் சந்தேகித்தார். ஆடு டி.ஹெச்.பி-யை உடைக்கவில்லை என்றால் அது சிறுநீரில் வெளியேற வேண்டும். ஹவாய் ஆடுகளின் சிறுநீரில் அது மிகக் குறைவாக இருந்தது. வயிற்றுக்குள்ளேயே யாரோ அதைத் தின்று தீர்க்கிறார்கள்! 1981-ல் ஆஸ்திரேலிய கால்நடை மருத்துவ இதழில் இந்த யோசனையை ஜோன்ஸ் முன்வைத்தார்.

யோசனை சரியென்றால், அதை நிரூபிக்க ஒரே வழிதான். ஓர் ஆட்டின் வயிற்று நீரை எடுத்து இன்னோர் ஆட்டின் வயிற்றில் விட்டுப் பார்க்க வேண்டும். இந்தோனேசிய ஆடு ஒன்றின் வயிற்று நீர் ஆஸ்திரேலிய ஆடுகளுக்குச் செலுத்தப்பட்டது. அதுவரை டி.ஹெச்.பி-யிடம் தோற்ற ஆடுகள் அதை உடைக்கத் தொடங்கின. 1984-ல் இந்த முடிவு வெளியானது.

அடுத்த கட்டம் ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே. ஒரு பழத்தைக் கையில் கொண்டுபோனால்கூட விமான நிலையத்தில் பிடுங்கிவிடும் நாடு அது. அங்கே வெளிநாட்டு ஆட்டின் வயிற்று பாக்டீரியாவை அனுமதி வாங்கிக் கொண்டுவருவது என்றால் சும்மாவா? 1980-களின் தொடக்கத்தில் ஹவாய் ஆடுகளின் பாக்டீரியாக்கள் வந்து சேர்ந்தன. காற்று பட்டால் செத்துப்போகிற ரகம் என்பதால், ஆக்ஸிஜன் இல்லாத சூழலிலேயே வளர்க்க வேண்டியிருந்தது. ஜோன்ஸும் மெகாரிட்டி என்ற சக விஞ்ஞானியும் அதை டவுன்ஸ்வில்லில் மாடுகள், ஆடுகளின் வயிற்றில் செலுத்தினார்கள். சிறுநீரில் டி.ஹெச்.பி மறைந்தது. 1986-ல் வெளியான அவர்களது கட்டுரை வெற்றி என்றே சொன்னது.

ஒருவரின் வயிற்று நுண்ணுயிரிகளை இன்னொருவருக்கு மாற்றுவது பற்றி மனித மருத்துவத்தில் இன்று பேசுகிறார்கள். ஆட்டு விஞ்ஞானிகள் 40 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து முடித்துவிட்டார்கள்.

பெயர் வைத்தார்கள் பாக்டீரியாவுக்கு

அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து அடையாளம் கண்டவர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வேலை பார்த்த மில்ட்டன் அலிசன். வயிற்றில் ஆக்ஸலேட்டைத் தின்னும் பாக்டீரியாவை 1985-ல் விவரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. வயிற்றுக்குள் யார் எந்த விஷத்தைத் தின்கிறார்கள் என்று தேடுவதே இவர் வேலை போலிருக்கிறது!

1992-ல் அலிசன் குழுவினர் அந்த பாக்டீரியாவுக்கு சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். ஜோன்ஸின் பெயர்தான். வினோதமான ஜீவன் அது. மாவுச்சத்து, சர்க்கரை எதையும் தொடாது. ஆர்ஜினின், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்களையும், டி.ஹெச்.பி-யையும் தின்று வாழும். தெரிந்த பாக்டீரியா குடும்பம் எதிலும் சரியாகப் பொருந்தவில்லை. பிற்பாடு, இதன் பெயரை வைத்தே பாக்டீரியா உலகில் தனிப் பெரும்பிரிவு ஒன்று உருவாக்கப்பட்டது.

குயின்ஸ்லாந்தில் இது மருந்தாகவே மாறியது. பிரிஸ்பேன் அருகே அரசு ஆய்வகத்தில் கலனில் வளர்த்து, பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். நம் ஊரில் மூங்கில் குழாயில் மருந்து புகட்டுவது போல, ஒரு மாட்டுக்கு 100 மில்லி புகட்டினால் போதும். எல்லா மாட்டுக்கும்கூட வேண்டாம். மந்தையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொடுத்துவிட்டால், ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்து, ஒன்றாக மேய்ந்து, மற்றவற்றுக்கும் பரவிவிடும். நம்பிக்கை வந்ததும் சவுண்டல் மேய்ச்சல் நிலங்கள் ஒரு லட்சம் ஹெக்டேரைத் தாண்டின. வரிசையாகச் சவுண்டல், இடையில் புல். இறைச்சி மாடுகள் ஆண்டுக்கு 250 கிலோ வரை எடை ஏறின.

சினிமா என்றால் இங்கே 'சுபம்' போட்டிருப்பார்கள்.

கதையில் திருப்பம்

2000-களின் தொடக்கத்தில் குயின்ஸ்லாந்து மந்தைகளின் சிறுநீரை மறுபடி சோதித்தபோது அதிர்ச்சி. ஏறக்குறைய பாதி மந்தைகளில் டி.ஹெச்.பி இருந்தது. மருந்து புகட்டப்பட்ட மந்தைகளும் அதில் இருந்தன. பாக்டீரியா எங்கே போனது? வறட்சியில் மாடுகள் சவுண்டல் தின்னாமல் இருந்த காலத்தில் செத்துப்போயிருக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள்.

இன்னும் குழப்பியது இந்தோனேசியா. அங்கே சும்பாவா, லொம்போக் தீவுகளில் சிறு விவசாயிகள் பாலி காளைகளைக் கொட்டிலில் கட்டி, கிட்டத்தட்ட முழுத் தீவனமாகவே சவுண்டலைப் போட்டுக் கொழுக்கவைக்கிறார்கள். அந்தக் காளைகளின் சிறுநீரிலும் டி.ஹெச்.பி எக்கச்சக்கம். ஆனால் காளைகள் தளதளவென்று இருக்கின்றன!

குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் ஷெல்டனும் சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். வேலை செய்வது வயிறு மட்டும் அல்ல, கல்லீரலும்தான். நாம் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டால், கல்லீரல் அதோடு வேறொரு மூலக்கூறை ஒட்டவைத்து வீரியத்தை அடக்கி, சிறுநீரில் அனுப்பிவிடும். மாட்டின் கல்லீரலும் டி.ஹெச்.பி-யை அப்படியே கையாள்கிறது. சிறுநீரில் வருவது பெரும்பாலும் இப்படி அடக்கப்பட்ட டி.ஹெச்.பி. புதிதாகத் தின்னத் தொடங்கும்போது சில வாரங்கள் சிரமம் இருக்கும். பழகிய பிறகு கல்லீரல் சமாளித்துவிடுகிறது. 2019-ல் ஷெல்டன் குழு எழுதிய கட்டுரையின் தலைப்பே, பாக்டீரியா புகட்டுவது அவசியம்தானா என்று கேட்டது. போதாக்குறைக்கு, எந்த மருந்தும் புகட்டப்படாத பல நாட்டு மாடுகளின் வயிற்றிலும் சினெர்ஜிஸ்டிஸ் கொஞ்சமாவது இருப்பது தெரியவந்தது.

அப்படியென்றால் ஜோன்ஸ் செய்தது வீணா? அப்படிச் சொல்ல முடியாது. அவர் கொண்டுவந்த பாக்டீரியா டி.ஹெச்.பி-யை உடைத்ததும், மாடுகள் தேறியதும் அளந்து பார்த்த உண்மைகள். அது ஒன்றுதான் வழியா, கல்லீரல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில்தான் விவாதம். அது இன்னும் ஓயவில்லை.

சரி, நம் வீட்டு ஆட்டுக்கு என்ன செய்வது?

ஆஸ்திரேலியாவில் மாடு தானாக மேய்கிறது. எவ்வளவு தின்கிறது என்று யாரும் அளப்பதில்லை. நம் ஊரில் தழையை வெட்டிக் கட்டிப் போடுகிறோம். அளவு நம் கையில் இருக்கிறது. இது பெரிய வசதி.

ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் போடுகிறோம் என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கு புல் வகையாகவும், ஒரு பங்கு பயறு வகை, மரத்தழையாகவும் இருப்பது நல்லது. அந்த ஒரு பங்குக்குள் சவுண்டலை அடக்கிக்கொண்டால் பயம் இல்லை. வேலிமசால், அகத்தி என்று மாற்றி மாற்றிக் கலந்தால் இன்னும் நல்லது. ஆட்டுக்கும் அதே கணக்குதான். 4 கிலோ பசுந்தழை தின்கிற ஆட்டுக்கு ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ சவுண்டல் போதும்.

கவனிக்க வேண்டியது கோடையைத்தான். மேய்ச்சல் காய்ந்து, வைக்கோல் விலை ஏறும்போது பச்சையாக நிற்பது வேலியோரச் சவுண்டல் மட்டுமாக இருக்கும். அதுவரை அதைத் தொடாத ஆட்டுக்கு, வேறு தீனி இல்லாமல் ஒரே நாளில் கட்டுக்கட்டாகப் போடுவதுதான் ஆபத்து. முதல் நாள் ஒரு கைப்பிடி, பிறகு கொஞ்சம் கூட்டி, இரண்டு மூன்று வாரங்களில் முழு அளவுக்கு வர வேண்டும். வயிறும் கல்லீரலும் பழக அந்த அவகாசம் தேவை. வெட்டிய தழையை வெயிலில் வாட்டிப் போட்டால் மைமோசின் ஓரளவு குறையும். தளிரும் காயும் மட்டுமாகப் பொறுக்கிப் போடாமல், முதிர்ந்த இலையோடு கொப்பாகக் கட்டித் தொங்கவிடலாம்.

சினை ஆட்டுக்கும் சினை மாட்டுக்கும் அளவை இன்னும் குறைத்துக்கொள்வது நல்லது. அடி வாங்குவது வயிற்றில் இருக்கும் குட்டி. முயல், பன்றி, குதிரைக்கு ஆட்டுக்கு இருப்பது போல அசைபோடும் வயிறு கிடையாது. அவற்றுக்கு இந்தத் தழையை வழக்கமான தீனியாக்கக் கூடாது. கோழித் தீவனத்தில் இலைத்தூள் கலப்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

ஆட்டுக்குத் திட்டுத்திட்டாக முடி கொட்டுகிறது, மாட்டுக்கு வால்குஞ்சம் உதிர்கிறது, எச்சில் ஒழுகுகிறது, தீனி எடுப்பது குறைகிறது, தாடைக்குக் கீழே கழுத்தில் வீக்கம் தெரிகிறது என்றால், கால்நடை மருத்துவரிடம் போகும்போது என்ன தழை போடுகிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். முடி கொட்டினால் சொறி, பேன், சத்துக்குறைவு என்றுதான் முதலில் யோசிக்கத் தோன்றும். சவுண்டல்தான் காரணம் என்றால், தழையை நிறுத்திய சில வாரங்களில் புது முடி அரும்பத் தொடங்கிவிடும்.